பத்து மிளகாய்க் காம்புகள்

காலை ஐந்து நாற்பது. மூடியைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை பத்துப் பச்சை மிளகாய்க் காம்புகள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் பாலில் மிதந்தவை. இப்போது பாத்திரத்தைச் சாய்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

பத்திரிகை வேலை போய் என் வருமானம் பாதியானதிலிருந்து எங்கள் வீட்டில் பாக்கெட் தயிர் கிடையாது. பக்கத்து வீட்டு மாட்டின் பாலில் மனைவி உறை ஊற்றுவாள். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே மூத்த குமாஸ்தா ஓய்வு பெறும் நாளுக்கு, மோர்க்குழம்பு போன்ற புளிசேரி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டுத் தயிரில் செய்தது என்றும் சொல்லியிருந்தாள். பாலும் ஒரு லிட்டர் வாங்கியாயிற்று.

அந்த முந்தின நாள் மதியம்தான், அவள் உறைக்கென்று எடுத்து வைத்திருந்த தயிரை நான் பழங்கஞ்சியில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டேன்.

"பத்திரிகைல இருந்த ஆளாக்கும்," என்றாள் சாயங்காலம் வந்து, காலிக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தபடி. "உலகத்து விசயம் எல்லாம் தெரியும். உறை எதுன்னு தெரியாது."

"கடையில போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாறேன்."

"அந்த ஆபீஸ்ல நாக்கு உள்ளவங்க உண்டு. ஒரு வாயில கண்டுபிடிப்பாவ. பெறவு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அங்க இருக்கது?"

பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கார அக்கா அப்போதுதான் விளக்கு ஏற்றி முடித்திருந்தார். விளக்கு வைத்தபின் பால், தயிர், மோர் எதையும் வெளியே கொடுத்தால் வீட்டின் ஐசுவரியமும் கூடவே போய்விடும் என்பது அவர் கணக்கு.

"ரெண்டு நிமிசம் முன்னால வந்திருந்தா தந்திருப்பேன் மக்கா. இனி காலத்த வா."

"காலையில வந்தா புளிசேரி நாளைக்கு நடக்காது அக்கா."

அவர் யோசித்தார். பிறகு செடியருகே போய் ஒரு கை பச்சை மிளகாயைப் பறித்து வேலிக்கு மேலே நீட்டினார். மிளகாய்க்குத் தடை ஏதும் இல்லை.

"காம்பைக் கிள்ளி இளஞ்சூட்டுப் பால்ல போடு. அரிசிப் பானைக்குள்ள வச்சு மூடு. சும்மா சும்மா தொறந்து பாக்காத கேட்டியா."

நான் நம்பவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன்.

இப்போது கரண்டியை மெல்ல இறக்கினேன். வெட்டின இடத்தில் சுவர்போல் ஓர் ஓரம் நின்றது, அடியில் தெளிந்த நீர் ஊறியது. கொஞ்சம் இழுபட்டது. மிளகாயின் பச்சை வாசனை லேசாக இருந்தது. ஒரு துளி தயிர்கூட சேராமல் பால் தயிராகியிருந்தது. சமையலுக்கு முன் நான் தினமும் கிள்ளி வாழைமரத்தடியில் எறிகிற அந்தக் காம்பில் இத்தனை காலமும் ஏதோ உயிரோடு இருந்திருக்கிறது. இருபது வருடம் செய்தி எழுதியவன், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி வந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"புளி கொறவு."

"அப்போ?"

"பச்ச மாங்கா ரெண்டு துண்டு போட்டா தீரும். தயிராக்கும் இது," என்றாள். பிறகு, தனக்கே சொல்வதுபோல, "காம்புல இருந்தா வந்துது!"

எட்டேகால் பஸ்ஸில் தூக்குவாளியோடு போனாள். சாயங்காலம் வாளி காலியாகி, கழுவி வந்தது. உறைக்கான இரண்டு கரண்டித் தயிரைக் காலையிலேயே எடுத்து, என் கண்ணில் படாதபடி காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.