கூட்டுப்புழு என்று சொன்னவர்

அவர் வேளாண்மை அலுவலர். பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். 1991இல் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நெற்கதிர்கள் மணி பிடிக்காமல் வெள்ளை வெள்ளையாக நின்றபோது சைக்கிளில் வந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். அந்த நகத்தால் தண்டைக் கீறி, உள்ளே இருப்பதை உள்ளங்கையில் வைத்து, அதன் பெயரைச் சொன்ன பிறகுதான் வேறு எதுவும் பேசுவார்.

"கூட்டுப்புழு" என்றார்.

அண்ணன் கையிலிருந்த பூச்சிமருந்து டின்னைக் காட்டினார். "இன்னா புழுவோ சார், எல்லாம் பூச்சிதானே. மருந்து வாங்கி வச்சிகீறேன், அடிச்சிடட்டுமா?"

"முட்டைன்னா கையால கிள்ளிப் போடலாம். புழுன்னா மருந்து அடிக்கலாம். கூட்டுப்புழுன்னா எல்லாத்தையும் தின்னு முடிச்சிடுச்சுன்னு அர்த்தம்பா."

அந்த ஒரு போகத்தை நம்பித்தான் எங்கள் வீடு இருந்தது. அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "சரி சார், இது வூட்லயே கெடக்கட்டும்" என்றார்.

அலுவலர் அவர் முகத்தையே பார்த்தார்.

"வேணாம். என்கிட்ட குடு."

"பிரிக்காத டின்னு சார். நானே கடையில திருப்பிக் குடுத்துக்கறேன்."

"நான் அந்தப் பக்கமாத்தான் போறேன், குடுப்பா."

விடாமல் வாங்கி, கேரியரில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

மறு வருடம் வயலை விற்றோம். அண்ணன் இன்றும் உயிரோடு இருக்கிறார். அன்று அவர் முகத்தில் அந்த மனிதர் என்ன பார்த்தாரோ, பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கு அது தெரியவில்லை.