கரண்ட் போனபோது நான் சொன்னது

சாமிகளா, போன வைகாசியில் நீங்கள் இருவரும் விடுதியில் இருந்தபோது, அம்மா ஏன் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று மாறி மாறிக் கேட்டீர்கள். காய்ச்சல் என்று சொன்னேன். அது பொய். என் வாய்தான் காரணம். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பட்டறையில் நாலு தறியும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டுகிற புருசன் பெண்டாட்டி எல்லோரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான். ஆனால் எனக்குக் கத்திக்கொண்டே வாயசைக்கிற பழக்கம். எப்படியும் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

அந்தச் சத்தத்துக்குள் உங்கள் அம்மாவை நான் வம்புக்கு இழுப்பது அவள் மாமன் மகனை வைத்து. அவளை அவருக்குக் கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்தது உங்களுக்கும் தெரியும். வருசா வருசம் அவர் பைக்கில் ஒரு மூட்டை கடலை கொண்டுவந்து இறக்குவார். சொத்தை ஒன்று இருக்காது. அது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தும் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவரைக் கட்டியிருந்தால் கடலைக் காட்டுக்கே மகாராணியாக இருந்திருப்பாய் என்பேன். அவள் கையிலிருக்கும் நாடாக் கட்டையை என் மேல் எறிவதுபோல் ஓங்குவாள். பிறகு, டீக்கடைக்கார அம்மா உங்களுக்கு மட்டும் இஞ்சியைத் தட்டிப் போடுதாமே என்று திருப்புவாள். இருபத்தாறு வருசம் இப்படியே போனது.

அன்று காலை பத்து மணி இருக்கும். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவளைப் பார்த்துக் கத்தினேன். நான் ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது. நம் தறி மட்டுமா, தெருவில் இருக்கிற அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. முதல் சொல் சத்தத்தோடு போனது. மீதியைத் தெருவே கேட்டது.

"இன்னமும் உன்ர மாமன் மவன நெனச்சுக்கிட்டுத்தான தறி ஓட்டற?"

பக்கத்துப் பட்டறையில் யாரோ சிரித்தார்கள். திரும்பினால், வாசற்படியில் அந்த மாமன் மகனின் மனைவி நிற்கிறாள். கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, மகள் கல்யாணப் பத்திரிகை. அவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்காததுபோலப் பத்திரிகையை முறையாக வைத்து அழைத்தாள். கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை. இன்னும் பத்து வீடு பாக்கி என்று சொல்லி, அவர் வந்து சேர்வதற்குள் கிளம்பிவிட்டாள்.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. உங்கள் அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. முகம் பார்க்காமல் பட்டறைக்குள் என்ன பேச முடியும்? வீட்டுக்குள் பேசினாள், ஆனால் விருந்தாளியிடம் பேசுவதுபோல. சாப்பிட வாங்க, போதுங்களா, அவ்வளவுதான். இன்று கடையில் இரண்டு டீ குடித்தேன் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "செரிங்க" என்றாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நாலாம் நாள் நானே கேட்டேன், கல்யாணத்துக்கு என்ன சீர் எடுக்கலாம் என்று.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வர்ல."

"ஏம்புள்ள, உன்ர தாய்மாமன் ஊடு அது."

"அதுக்குத்தானுங்க வர்ல. எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க வெளையாட்டுக்குச் சொல்றது எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? எங்க அம்மா அப்பா போனதுக்கப்பறம் எனக்கிருக்கறது அந்த ஒரு ஊடு. இனி எந்த மொகத்த வெச்சுக்கிட்டு அங்க போயி நிப்பேன்?"

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு அவர்கள் ஊரான மேச்சேரிக்கு பஸ் ஏறினேன். அவளிடம் பாவு நூல் பார்க்கப் போகிறேன் என்றேன்.

அந்தப் பெண் களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மண்டபத்துக்குப் பணம் கட்டப் போயிருந்தார். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. எங்கள் தறிச் சத்தப் பேச்சையெல்லாம் உள்ளபடி சொன்னேன். உங்கள் அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என் வாய்க்கொழுப்பு என்றேன். அந்தப் பெண் குனிந்து கடலையைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னாள்.

"உள்ளதச் சொல்றேன் மாமா, ஒரு நாள் மனசு கேக்கல. அப்பறம் யோசிச்சேன். உங்கூட்டுக்கு வர்ற மூட்டைக்குச் சொத்தை இல்லாமப் பொறுக்கிப் போடறதே நாந்தான். இவருக்குச் சொத்தை எது, நல்லது எதுன்னு என்ன தெரியும்? அக்கா முன்னாடியே வந்து பந்தக்கால் நடறப்ப நிக்கோணும்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, தறி ஓடாத நேரமாகப் பார்த்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். எங்கே போனேன் என்பதையும் சொன்னேன். அவள் இழை முடிவதை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்த இழையை முடிந்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அப்ப இத்தன வருசமா நீங்க வயிறெரிஞ்சது அந்தப் புள்ள பொறுக்குன கடலைக்கு. எங்க மாமன் மவன் பாவம், சும்மா மூட்ட தூக்கியாந்தவருங்க."

முடிந்த இழையை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"பச்சைச் சேலைய இஸ்திரிக்குக் குடுத்துப்போட்டு வாங்க. வர்றப்ப அந்த டீக்கடைக்காரம்மாளையும் கல்யாணத்துக்குக் கூப்புடுங்க. அங்க நான் மாமன் ஊட்டுச் சனத்தோட இருப்பேன், உங்களுக்குத் தொணை வேணுமில்ல?"

சொல்லிவிட்டு உலை வைக்க உள்ளே போய்விட்டாள்.

நான் மட்டும் பட்டறையில் இருந்தேன். பழைய பைக்கிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கண்ணாடி ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து, என் தறிக்கு நேரே இருக்கும் தூணில் கம்பி கட்டி மாட்டினேன். நின்ற இடத்திலிருந்தே வாசற்படி முழுவதும் தெரியும்வரை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன்.