வடிவு அக்கா என்னிடம் கொடுத்த காந்தம்

வடிவு அக்கா இறந்துவிட்டார். காலையில் பழைய முதலாளி போன் செய்து சொன்னார். தூக்கத்திலேயே வலிப்பு வந்திருக்கிறது...

எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாங்கள் நாலு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்து, உறுத்தாமல் மாட்டிவிட அக்காவைப் போல ஆள் கிடையாது.

சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்து, இடது நெஞ்சுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு சின்ன மெஷின் வைத்தார்கள். அதிலிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு வயர்.

சில நிமிஷத்துக்கு ஒருமுறை அது நரம்பைத் தூண்டும். அப்போது அக்காவின் குரல் கரகரக்கும்.

"என்னம்மா, சளியா?" என்று கஸ்டமர் கேட்பார்.

"இல்ல அண்ணாச்சி, அரை நிமிசத்துல சரியாயிரும்." சிரிப்பார். சரியாகியும்விடும்.

வலிப்பு முழுசா நிற்கவில்லை, நன்றாகக் குறைந்தது. பேட்டையிலுள்ள தன் வீட்டிலிருந்து கடைக்கு, அண்ணன் துணையில்லாமல் தனியாக பஸ்ஸில் வர ஆரம்பித்தார். அப்படி வந்த முதல் நாளே ஒரு காந்தத்தை என் கையில் வைத்தார்.

"ஏலே தம்பி, எனக்கு வாற மாதிரி இருந்தா இத மெஷினுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்துரு, மெஷின் உடனே ஒருதரம் தூண்டி வலிப்ப அடக்கப் பாக்கும். சேலைக்கு மேலயே போதும். நீ இருக்கங்குற தைரியத்துலதாம்ல தனியா வாரேன்."

"சரிக்கா" என்றேன்.

ஒரு மத்தியானம் வலிப்பு வந்தது. கடை நிறைய ஆள். அக்காவின் கண் அப்படியே நிலைகுத்தி நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்... காந்தமும் கையில் இருந்தது.

எல்லாரும் பார்க்கிறார்களே என்று கை நெஞ்சுப் பக்கம் போகவில்லை.

"யாராவது பொம்பளையாளு வாங்களேன்" என்று கத்தினேன். அதற்குள் அக்கா விழுந்து, உதடு கிழிந்து, ரத்தம்.

நாலு நாள் கழித்து உதட்டில் தையலோடு வந்தார். என் மேசை டிராயரிலிருந்த காந்தத்தை எடுத்து, கடை கூட்ட வரும் இசக்கியம்மாளிடம் கொடுத்து, பைய சொல்லிக்கொடுத்தார். நான் லென்ஸ் துடைப்பது போல குனிந்துகொண்டேன்.

பிறகு என்னிடம், "சங்கடப்படாதல. சாப்ட்டியா?" என்றார்.

நாள் முழுக்க அக்கா, அக்கா என்று கூப்பிட்டவன் நான்.

அடுத்த மாதமே பெங்களூர் வேலைக்கு வந்துவிட்டேன். "ஊருக்கு வந்தா கடைக்கு வாலே" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ரோட்டிலிருந்தே பார்த்தேன்... அக்கா ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மூணு மணிக்கு எடுத்துவிடுவார்களாம். என் பஸ் இன்னும் சேலம்கூடத் தாண்டவில்லை.

மன்னிச்சிருங்கக்கா...