அணியத்தில் நின்றவன்

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியும் புரட்டாசியும், இரண்டே இரண்டு மாதம், குருநகர் இறங்குதுறையிலிருந்து சனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய், யாழ்ப்பாணப் பட்டினத்தைக் கடலிலிருந்து காட்டுகிற வேலை பார்த்தேன். வேலை என்றால் வாய் வேலைதான். எஞ்சின் பிடித்தவர் என் அக்காவின் புருஷன். அந்த அத்தானுக்கு நான் செய்ததை இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். எழுதும்போதே காது சுடுகிறது.

அதற்கு முன் மூன்று வருஷம் கடல் எங்களுக்கு மூடிக்கிடந்தது. கண்ணுக்கு முன்னால் கிடக்கும், நேவிக்குப் பயந்து இறங்க முடியாது. இறங்கினவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அந்த மூன்று வருஷமும் அத்தான் கூட்டில் அடைத்த கோழி மாதிரி இருந்தார். சந்தையில் மூட்டை தூக்கினார், மேசன்மாருக்குக் கல் எடுத்துக் கொடுத்தார். எதைச் செய்தாலும் பின்னேரம் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். உவருக்குக் கடல்தான் மூத்த தாரம், நான் இரண்டாவது என்று அக்கா பகிடி பண்ணுவாள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: எஞ்சின் பிடி கையில் இருக்கவேண்டும், படகு ஓடவேண்டும். பதினைந்து வருஷம் எஞ்சின் பிடித்தவர். ஒரு தரம்கூட மணல் திட்டியில் ஏற்றினவர் இல்லை என்று குருநகரில் அவருக்குப் பெயர்.

ஆடிக் கடைசியில் சண்டை நின்றது, கடல் திறந்தது. எங்கள் பகுதிச் சம்மாட்டியார், படகுச் சொந்தக்காரர், ஒருவர் கொட்டிலுக்குள் மூடி வைத்திருந்த பிளாஸ்ரிக் படகை வெளியே இழுத்தார். இழுத்த கையோடு ஆள் அனுப்பினது அத்தானுக்குத்தான். அன்றைக்கு அவர் சாப்பிடாமலே ஓடினார். முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இருபத்திரண்டு வயது. சோதனை எழுதிவிட்டு, அக்கா வீட்டில் அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டு, சும்மா இருந்தேன்.

காலையில் மீனுக்குப் போனோம், பின்னேரம் சனத்துக்குப் போனோம். சனம் அப்படி வந்தது. கொழும்பிலிருந்து வருஷக்கணக்காக வராமல் இருந்த உறவுக்காரர் வந்தார்கள். உரும்பிராயிலும் கொடிகாமத்திலுமிருந்து, வாழ்நாளில் வள்ளம் ஏறியிராத தோட்டக்காரர் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். எல்லாருக்கும் கோட்டையைப் பார்க்கவேண்டும், சண்டை நடந்த இடத்தைப் பார்க்கவேண்டும், அதுவும் கடற்பக்கமாகப் பார்க்கவேண்டும். கரையோரமாகக் கோட்டை வரை ஓடி, பண்ணைப் பாலத்தைக் காட்டி, மண்டைதீவுப் பக்கமாக வளைத்துக்கொண்டு திரும்புவோம். திரும்பும்போது வேகமாக விடச்சொல்லிக் கத்துவார்கள். அத்தான் விடுவார். தண்ணீர் முகத்தில் அடிக்க, பெண்கள் கூச்சல் போட, அவர் எஞ்சின் பிடியோடு சிரித்துக்கொண்டிருப்பார். அப்படி அவர் சிரித்து நான் முன்னர் பார்த்ததில்லை.

எங்கள் கடல் இடுப்பளவுதான், சில இடத்தில் முழங்காலளவு. படகு போகக்கூடிய ஆழமான பாதை வளைந்து வளைந்து போகும். எஞ்சின் பிடிப்பவர் பின்னால் குந்தியிருப்பார். முன்னால் பத்துப்பேர் இருந்தால் அவருக்குத் தண்ணீர் தெரியாது. அதனால் படகின் முன் நுனியில், அணியம் என்போம், ஒருவன் நின்று பார்த்துக் கையால் சொல்லவேண்டும். கை எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் படகு திரும்பும். கை மேலே போனால் வேகம் குறையும். எஞ்சின் பிடிப்பவர் யோசிக்கக்கூடாது. கையைக் கண்டால் திருப்பவேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் படகு கல்லில் ஏறிவிடும். தன் கண்ணை நம்பாமல் அடுத்தவன் கையை நம்புகிறதுதான் எங்கள் கடலோட்டம்.

அணியத்தில் நிற்பவன் முன்னுக்குப் பார்க்கவேண்டும். நான் பின்னுக்குத் திரும்பி நின்று கதை சொன்னேன். என்ன கதை! கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த இடத்தில் ஒல்லாந்தன் கப்பல் ஒன்று கடலுக்கடியில் தாண்டு கிடக்குது என்றேன். முழங்கால் தண்ணீரில் கப்பல்! கோட்டைக்குக் கீழே சுரங்கம் இருக்குது, அது நல்லூருக்குப் போகுது என்றேன். எஞ்சின் சத்தத்தில் முன்னுக்கு இருந்தவர்களுக்குத்தான் என் குரல் கேட்கும். பின்னுக்கு இருந்தவர்களுக்கும் விளங்கவேண்டுமே என்று பாதிக் கதையைக் கையால் சொல்லுவேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். கதை சொல்லுவதென்றால் எஞ்சினை நிறுத்தச் சொல்லு, ஓடும்போது முன்னுக்குப் பார் என்றார். ஓம் அத்தான், ஓம் அத்தான் என்றேன். அடுத்த நாளும் திரும்பித்தான் நின்றேன்.

ஆவணி நடுவில் ஒரு புதன்கிழமை கொழும்புக் குடும்பம் ஒன்று ஏறியது. அதில் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி நான் சொன்னதற்கெல்லாம் கண்ணை விரித்தாள். அவ்வளவு போதாதா எனக்கு! கோட்டைக்குக் கிட்டப் போகும்போது ஷெல் கதையை எடுத்தேன். மேற்கே வெயில் இறங்கியிருந்தது, அத்தானுக்கு நேரே கண்ணுக்குள் வெளிச்சம். படகு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கோட்டையிலிருந்து ஷெல் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலால் போய், அந்தா அந்தக் கடலில் விழுந்தது என்று சொல்லி, கையைக் கடல் பக்கம் முழுநீளத்துக்கு நீட்டினேன்.

அத்தான் கையைக் கண்டார். திருப்பினார்.

அந்தப் பக்கம் களங்கண்டி வலை கட்டியிருந்தது. கடலுக்குள் தடிகளை வரிசையாக ஊன்றி, வலையை வேலிபோல அதில் கட்டி இறாலையும் மீனையும் மறிக்கிற வலை. படகு அதற்குள் புகுந்தது. தடிகள் சடசடவென்று முறிந்தன, வலை எஞ்சினில் சுற்றி எஞ்சின் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் இதுவும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அத்தான் தண்ணீருக்குள் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிழிந்த வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அந்த வலை பாசையூர்க்காரர் ஒருவருடையது. மூன்று வருஷத்துக்குப் பிறகு எட்டு நாளைக்கு முன்னர்தான் கட்டியிருந்தார். அவர் இறங்குதுறைக்கு வந்து சத்தம் போடவுமில்லை, தூஷணம் பேசவுமில்லை. கிழிந்த துண்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கடற்றொழிலாளர் சங்கத்தில் பேசுவோம் என்று சொல்லிப் போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வலை கிழிந்தால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஞாயிறு பூசை முடிய, கோயில் வளவில், சங்கத்து ஆட்களுக்கு முன்னால் இரண்டு பேரையும் கேட்பார்கள். கண் அணியத்தில் நின்றவனுடையது என்பதால் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். அவன் கை காட்டியிருந்தால் பிழை அவனுடையது. காட்டாமலே திருப்பியிருந்தால் எஞ்சின் பிடித்தவருடையது. பிழைகாரன் அந்த வலையின் கிழிசலை ஊசி நூலால் தன் கையாலேயே பொத்தி முடிக்கும்வரை கடலில் கால் வைக்கக்கூடாது.

சனிக்கிழமை அத்தான் கிணற்றடியில் என்னிடம் சொன்னார்: "கதையிலை கையை நீட்டிப்போட்டாய். நான் திருப்பினன். நாளைக்கு உள்ளதைச் சொல்லு, நானும் உன்னோடை இருந்து வலை பொத்துறன். கெதியா முடிச்சிடலாம்." கோபமே இல்லாமல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலில் பொய் இருக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவு நிறைய ஆட்கள். என்னோடு படித்தவர்கள், என்னைக் கண்டால் கதை கேட்கிறவர்கள், எல்லாரும் நின்றார்கள். சிறு வயதிலிருந்தே வாயாலே கெடப்போகிறாய் என்று ஏச்சுக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது வாயாலேயே ஒரு வலையைக் கிழித்தேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லவேண்டும். பிறகு வாரக்கணக்காக முற்றத்தில் குந்தியிருந்து வலை பொத்தவேண்டும், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். சங்கத் தலைவர் என்னைப் பார்த்து, தம்பி கை காட்டினியோ என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

சொல்லிவிட்டு மனதுக்குள் ஒரு வக்கீல் வேலையும் பார்த்தேன். நான் கதைதானே சொன்னேன், கை எங்கே காட்டினேன்? தூ! எவ்வளவு கேவலமான புத்தி.

அத்தான் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பொய்யன் என்று ஊரே நம்பியிருக்கும், ஏனென்றால் அவர் பேச்சுக்கு அப்படி மதிப்பு. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "தம்பி சொன்னால் சரி. நான்தான் திருப்பினன்."

பதினைந்து வருஷப் பெயர் அந்த இடத்தில் போனது. கண் மங்கிவிட்டது, மூன்று வருஷம் கரையில் இருந்து கை மறந்துவிட்டது என்று கதைத்தார்கள். சம்மாட்டியார் எஞ்சினை வேறொருவரிடம் கொடுத்தார். அத்தான் கிழிந்த வலையை வீட்டுக்குத் தூக்கிவந்து முற்றத்தில் விரித்தார். வலை நீளம். சண்டைக்குப் பிறகு நூல் தட்டுப்பாடு வேறு. ஒருவர் கையால் எப்படியும் ஒன்றரை மாதம் போகும். நானும் இருக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று அக்கா யோசிப்பாளே என்ற பயம்.

நான் அணியத்தில் தொடர்ந்து நின்றேன். ஓம், நின்றேன். ஒழுங்காக முன்னுக்குப் பார்த்து நின்றேன், புதியவர் எஞ்சினை நிறுத்தினால் மட்டும் கதை சொன்னேன். ஆனால் கிழிந்த வலை இருந்த இடம் வரும்போது சனம் முறிந்த தடிகளைப் பார்த்து என்ன என்று கேட்டது. முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சும்மா ஒரு வலை என்றேன். மூன்றாம் நாள் ஒரு கதை வந்துவிட்டது. ஒரு எஞ்சின்காரர் இருந்தார், ஆளுக்குக் கண் தெரியாது, வீட்டுக்குப் போற வழி எண்டு நினைச்சு வலைக்குள்ளை போயிட்டார், உள்ளை போய் இறாலிட்டை வழி கேட்டவர் என்று. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சொன்ன கதைகளிலேயே அதிகம் எடுபட்டது அதுதான். சனம் சிரிக்கச் சிரிக்க, தினமும் கதைக்குக் கையும் காலும் வைத்தேன். எஞ்சின்காரர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துத் தேடுகிற மாதிரி நடித்தும் காட்டினேன்.

அக்காவின் மகளுக்கு அப்போது ஆறு வயது. தகப்பனோடு ஓட ஆசைப்பட்டவள். அது நடக்காததால் மாமாவோடு போகப்போகிறேன் என்று அழுதாள். புரட்டாசியில் ஒரு பின்னேரம் அத்தானே அவளைச் சட்டை மாற்றிக் கூட்டிவந்து படகில் ஏற்றிவிட்டார். கரையில் நின்று கை அசைத்தார். முறிந்த தடிகள் இருந்த இடம் வந்தது, புதியவர் எஞ்சினை நிறுத்தினார், சனம் என்னைப் பார்த்தது. பிள்ளை முன்னால் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மறந்து சொன்னேன் என்று சொல்லித் தப்பலாம், ஆனால் மறக்கவில்லை. அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். முழுக்கதையையும் சொன்னேன். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே முற்றத்துக்கு ஓடினாள். அத்தான் வலைக்கு நடுவில் இருந்தார். நான் வாசல் படலையடியில் நின்றுவிட்டேன். அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, தடுமாறி நடந்து, இறாலிடம் வழி கேட்டு, முழுவதையும் நடித்துக் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. அத்தான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கடைசி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு அந்தக் கண் தெரியாத ஆளைத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம், தெரியும்," என்றார். "நல்லாய் நடிக்கிறாய் பிள்ளை. மாமா நல்லாக் கதை சொல்லுவார்."

பிறகு ஊசியை எடுத்தார். அந்த நேரம் நான் போய் அவர் காலடியில் இருந்திருக்கவேண்டும். பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். நான் குசினிப் பக்கம் போய், அக்கா தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டேன். அவள் ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வலை முடிந்தது. பாசையூர்க்காரர் வந்து இழுத்துப் பார்த்து, பழையதைவிட நல்லாயிருக்கு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை எஞ்சினை எடுக்க வரும்படி சம்மாட்டியார் அத்தானுக்குச் சொல்லியனுப்பினார். அன்றிரவு அத்தான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார், அக்கா பார்த்துச் சிரித்தாள். அடுத்த நாள், சனிக்கிழமை, மறுபடி சண்டை தொடங்கியது. கடல் மூடியது. படகு கரையிலேயே எரிந்துபோனது. அத்தான் அதற்குப் பிறகு எஞ்சின் பிடிக்கவேயில்லை. மூன்று வருஷம் காத்திருந்த மனிதருக்குக் கடல் திறந்திருந்தது இரண்டு மாதம். அதில் அவர் ஓடியது பதினெட்டு நாள். மிச்ச நாளெல்லாம் அவர் முற்றத்தில் இருந்தார், நான் கடலில் நின்று அவரைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.