ஒரு ங்

தேனியிலிருந்து கோம்பை போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மை பூசிய மீசை, வெள்ளை முழுக்கைச் சட்டை. சில படங்களில் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குள் பார்த்த முகம். மடியில் ஒரு கட்டுப் புத்தகம், அவரே எழுதிய நாவல். ஒவ்வொரு பிரதியாக எடுத்து, 'சொன்னாங்க', 'வந்தாங்க' என்று வரும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் ங்-ஐ மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"நடிக்கிறப்ப 'சொன்னாக'ன்னு பேசுனேன், டப்பிங்குல மாத்திட்டாக. வசனம் எழுதப் போனேன், டைரக்டரு மாத்திட்டாக. நாவலாச்சும் நம்ம பேச்சுல இருக்கட்டும்னு எழுதுனா, பிழைன்னு நெனச்சு அச்சாபீசுல திருத்திட்டாக தம்பி."

"ஒரு எழுத்துதானே சார்?"

"கதை பூராம் எம் பொண்டாட்டி பேசுறது. அவ வாயில அந்த எழுத்து வந்ததே இல்ல." பேனா நின்றது. "அவ போனப்ப நான் சூட்டிங்குல இருந்தேன்."

உத்தமபாளையம் வந்ததும் நான் எழுந்தேன். பாதி திருத்திய பிரதியை என் கையில் திணித்தார். "மிச்சத்த நீ அடிச்சுக்க தம்பி."

வீட்டில் அவர் விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டே படித்தேன். கடைசிப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனைவி நர்ஸிடம் கேட்கிறாள்: "அவுக வந்துட்டாங்களா?"

அந்த ங்-ஐயும் அடித்தேன். அவர் மடியில் இருந்த அத்தனை பிரதிகளிலும், பேனாவோடு அவர் இந்த வரிக்கு வந்து சேர வேண்டும்.