மல்லிகா டீச்சரின் பிளம்ஸ் மரம்

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நம் பள்ளியில் கணக்கு எடுத்த சாந்தி டீச்சர். "மல்லிகா டீச்சர் தவறிட்டாங்க. ராத்திரி நெஞ்சு வலின்னாங்களாம்" என்றார். "நேத்துதானே பேசினேன், என்ன உளர்றீங்க?" என்று அந்தம்மாள் மேல் எரிந்து விழுந்தேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

பழைய ஆசிரியர்கள் நாம் கூடும்போது, நமக்குள் படிப்பதற்கு மட்டும் இதை எழுதியிருக்கிறேன். யாரும் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நம் பள்ளியில் மல்லிகா டீச்சர் அறிவியல், நான் தமிழ். அவர் வீடு திருவெறும்பூரில். கணவர் தொழிற்சாலை வேலையில் இருக்கும்போதே இறந்துவிட, ஒரே மகன் கார்த்தியைத் தனியாளாக நின்று படிக்க வைத்தார். அவன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வருஷம்தான் மரம் வந்தது.

கொடைக்கானல் சுற்றுலாவில் நாமெல்லாம் சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டிருக்க, அவர் ஒரு நாற்றுப்பண்ணையில் நுழைந்து, பிளம்ஸையும் ஆப்ரிகாட்டையும் கலந்து உண்டாக்கிய ஒட்டுக்கன்று ஒன்றோடு வெளியே வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. "திருச்சி வெயில்ல நாமளே கருகிப் போறோம். இது எங்க டீச்சர் பிழைக்கும்?" என்றேன். "கொஞ்சம் குளிர் இருந்தாலே போதும்ங்கிற ரகமாம். அந்தக் கொஞ்சத்தை நான் குடுத்துக்கறேன்" என்றார்.

கொடுக்கத்தான் செய்தார். மார்கழிக் கடைசியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாகக் கையாலேயே உருவி மரத்தை மொட்டையாக்கிவிடுவார். "இந்த ஜாதி மரம் இலையை உதிர்த்துட்டுத் தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். நம்ம ஊர்ல தானா தூங்காது டீச்சர். நாமதான் தூங்க வைக்கணும்." விடிந்ததும் வேரைச் சுற்றி ஐஸ் கொட்டுவார். அதுவும் மீன்காரரிடம் வாங்கிய ஐஸ். தெருப் பூனையெல்லாம் மரத்தடியில் மாநாடு போட்டுவிடும். "பிளம்ஸ் காய்க்குதோ இல்லையோ, கெண்டை காய்க்கும் பாருங்க" என்று கிண்டல் செய்தால், "காய்ச்சா குழம்பு வெச்சுத் தரேன். இப்போ அந்த வாளியைப் பிடிங்க" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் மரத்தில் இரண்டு பழம் தங்கியது. ஒன்றை அணில் கொண்டுபோயிற்று. மற்றதை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்து, நகத்தளவு துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். யப்பா, என்ன புளிப்பு! சாந்தி டீச்சர் முகம் போன போக்கு உங்களுக்கும் நினைவிருக்கும். "யாரும் துப்பக் கூடாது. எவ்வளவு ஐஸ் கொட்டியிருக்கேன்!" என்று அதட்டினார். கார்த்திக்கு என்று ஒரு துண்டை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தார். அவனுக்கு அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை.

இறந்த அன்று கூட்டத்தில் வாசலோடு நின்று அழுதுவிட்டு வந்துவிட்டேன். கருமாதிக்குப் போனபோதுதான் கொல்லைப்பக்கம் போனேன். மரம் இல்லை. வேரோடு எடுத்து, குழியை மூடி, மேலே பந்தல் போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். கிளைகள் மதிலோரம் கிடந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. ஈரம் விரலில் ஒட்டியது. கணுவுக்குக் கணு உளுந்து அளவில் மொட்டு. இந்த வருஷமும் ஸ்டூல் போட்டு ஏறி இலையை உருவியிருக்கிறார் மகராசி. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்தி மழித்த தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பார்த்தீங்களா ஆன்ட்டி, அம்மா போனதும் இதுவும் காஞ்சிருச்சு. தீபாவளிக்கு வந்தப்ப அவ்வளவு இலை இருந்துச்சு. பட்ட மரம் வீட்டுல நிக்கக் கூடாதுன்னு பந்தல்காரங்க சொன்னாங்க. எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கலை. போன் பண்ணா எப்பவும் இந்த மரத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. நான் வேலை பார்த்துக்கிட்டே உம் கொட்டுவேன். ஒண்ணுமே காதுல வாங்கினதில்லை. செத்த மரம்தானே ஆன்ட்டி?"

'அடப்பாவி, தூங்கிக்கிட்டு இருந்த மரத்தையாடா வெட்டினே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு வாய் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்ப்பா, செத்ததுதான். நல்ல வேளை எடுத்தே" என்றேன். கீறிய இடம் அவன் கண்ணில் படாமல் கிளையை முந்தானையால் மூடிக்கொண்டேன். "அம்மா கூடவே போயிருச்சுல்ல" என்று என் தோளில் சாய்ந்து, குழந்தை போல அழுதான். அன்று முழுக்க அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது ஒன்றுதான்.

திருவெறும்பூர் பக்கம் போகிறவர்கள், பெங்களூரில் அவனைப் பார்க்கிறவர்கள், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு மரத்தின் பக்கம் திரும்பினால், அது டீச்சரோடு போய்விட்டது என்றே சொல்லுங்கள். அவர் வீட்டிலிருந்து நான் வேறு எதையும் எடுத்துவரவில்லை. அந்த மரத்துக்கு உயிர் இருந்தது என்பது மட்டும் என்னோடு இருக்கட்டும்.