கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு

அவருக்குத் தெருவில் ‘கண்ணைத்திற’ என்று பெயர். ஸ்டுடியோ ஸ்டூலில் யார் வந்து உட்கார்ந்தாலும், “கண்ணை நல்லாத் திறங்க, நிமிர்ந்து உக்காருங்க, லேசா சிரிங்க” என்பார். பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான் பிழைப்பு. ஆனால் அவருடைய கைவேலையெல்லாம் கணினியில். பரு, தழும்பு, தூக்கம் கெட்ட கண்ணுக்குக் கீழே விழுகிற கருவளையம் என்று எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே துடைத்துவிடுவார். “படைச்சவன் விட்ட பிழையை நான்தான் திருத்துறேன்” என்று பீற்றல் வேறு.

ஒரு மதியம் அவருடைய தம்பி வந்தான். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன்.

“அண்ணா, என்னை ஒரு படம் எடேன். பெருசாப் போடற மாதிரி.”

“எதுக்குடா, தேர்தல்ல நிக்கப்போறியா?”

“சும்மாதான். நல்ல படம் ஒண்ணுகூட இல்லியே.”

எடுத்தார். திரையில் பெரிதாக்கியதும் கன்னம் ஒட்டிய முகம் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே மை அப்பியது போல் கறுப்பு. கண்டார், நன்றாகவே கண்டார். ஆனால் வாய் ஒன்றும் கேட்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இரண்டே நிமிஷத்தில் தம்பிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

“பாரு, புதுமாப்பிள்ளை மாதிரி இருக்க.”

தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். “இது நான் இல்லியே அண்ணா” என்றான்.

“போடா” என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

பதினோராம் நாள் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

அந்தப் படம், அம்மாவோடு தம்பி குடியிருந்த வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டினார். “இந்த முகத்துல என்ன குறை இருக்கு, சொல்லுங்க. என் புள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருந்தான். வந்தவதான் என்னவோ பண்ணிட்டா.” வந்தவள் என்றால் தம்பியின் மனைவி. அவள் சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அதேதான். அண்ணன்காரருக்கு உண்மை தெரியும். வாயைத் திறந்தால் ‘பார்த்தும் ஏன் கேட்கவில்லை’ என்ற கேள்வி தன் மேல் திரும்புமே. நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். கோழைத்தனம்தான், வேறென்ன.

ஐந்தாம் மாதம் தம்பி மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒரு பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே தம்பியின் கைக்கடிகாரம், ஹெல்மெட், அவளுடைய தையல் கத்தரிக்கோல்.

“நீங்களே வச்சுக்கோங்க மாமா. இனி எனக்கு எதுக்கு?”

‘சரிம்மா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அதே கறுப்பு. சாவுப் பேச்சை எடுத்தால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். இருந்தும் கேட்டார்.

“உன்கிட்ட நேராவே கேக்குறேம்மா. செத்துடலாம்னு தோணுதா?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “தினமும் தோணுது” என்றாள். அப்புறம் அழுதாள். “இவ்வளவு நாளா யாருமே கேக்கல மாமா. நான் என்ன பண்ணினேன்னுதான் கேட்டாங்க.”

அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அழுது முடிகிறவரை கூடவே உட்கார்ந்திருந்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மனநல மருத்துவர் அவளோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, “கேட்டது நல்லதாப் போச்சு. கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. மருந்து இருக்கு, வாராவாரம் வந்து பேசட்டும். இப்போதைக்குத் தனியா விடாதீங்க” என்றார்.

அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டு மருத்துவமனைக்கு வரவழைத்தார். வரும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். “இவளுக்கு இப்ப என்ன கேடு?”

அவர் செல்போனில் திருத்தாத படத்தை எடுத்து நீட்டினார்.

“இதுதாம்மா அவன் முகம். நான் பாத்தேன். கேக்காம அழிச்சுட்டேன். நீ மாட்டியிருக்கிறது நான் வரைஞ்ச முகம். இவளைச் சொல்லாதே.”

அம்மா வாங்கிப் பார்த்தார். திட்டுவார், அறைவார் என்று அவர் நின்றார். அம்மா விரலால் அந்தக் கண்ணுக்குக் கீழே தடவினார்.

“எனக்கும் தெரியும்டா” என்றார். “ராத்திரியெல்லாம் உலாத்துவான். சூடா பால் குடிச்சுட்டுப் படுடான்னு சொல்லிட்டு நான் தூங்கிட்டேன்.”

பெற்ற வயிறு அதற்குமேல் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த மருமகளிடம் போனார். “நான் பேசினதெல்லாம்...” என்று ஆரம்பித்தார்.

மருமகள் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“அத்தை, இன்னிக்கு என்கூட ரூம்ல வந்து படுத்துக்குறீங்களா? தனியா இருக்கப் பயமா இருக்கு.”